கூரையில் சொட்டும் தண்ணீர்: நூலுக்காகப் பிறந்த ஏசியின் கதை

சித்திரை வெயிலில் திருப்பூர் பக்கம் ஏதாவது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் பக்கத்துச் சந்தில் நடந்து பாருங்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆனாலும் தலையில் சொட்டென்று ஒரு துளி விழும். அண்ணாந்து பார்த்தால் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிவிசி குழாய். கீழே யாரோ வைத்துவிட்டுப் போன பழைய பெயின்ட் வாளி. அது நிறைந்து வழிந்து, சந்தின் ஓரமெல்லாம் பாசி பிடித்திருக்கும்.

இது என்ன தண்ணீர்? ஏர்கூலரில் ஊற்றுவது போல ஏசியிலும் யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இல்லை. அறைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த ஈரத்தை ஏசி பிழிந்து வெளியே விடுகிறது. கோலி சோடாவை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தால் பாட்டில் வியர்க்கிறது அல்லவா? அதே சங்கதிதான்.

குளிர்ச்சி கொடுப்பதுதான் ஏசியின் வேலை, தண்ணீர் ஒரு வேண்டாத தொல்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் கதை தலைகீழாக இருக்கிறது. இந்த இயந்திரம் கண்டுபிடிக்கப்பட்டதே அந்தத் தண்ணீருக்காகத்தான்! மனிதனுக்குச் சில்லென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் பிறகு வந்தது. முதலில் வந்தது சரக்கு. அதிலும் திருப்பூருக்கு மிக நெருக்கமான சரக்கு, பருத்தி நூல்.

ஓர் அச்சகத்தின் தலைவலி

1902ஆம் ஆண்டு. நியூயார்க் நகரத்தின் ப்ரூக்ளின் பகுதியில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்று ஓர் அச்சகம் இருந்தது. வண்ணப் படங்கள் அச்சிடுவது அவர்கள் தொழில். ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாக, ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். கோடையில் காற்றில் ஈரம் கூடினால் காகிதம் விரியும். ஈரம் குறைந்தால் சுருங்கும். முதல் வண்ணம் அடித்த தாள் இரண்டாவது வண்ணத்துக்கு வருவதற்குள் அளவு மாறிவிடும். சிவப்பு ஓரிடம், நீலம் ஓரிடம்! சிவகாசியில் காலண்டர் அடிப்பவர்களுக்கு இந்த வேதனையை விளக்கவே வேண்டாம்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வேலை பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் பணியாற்றிய 25 வயது இளைஞர் வில்லிஸ் கேரியரிடம் வந்தது. அவர் 1902 ஜூலை 17 அன்று தேதியிட்டுத் தந்த வரைபடங்களையே நவீன ஏசியின் பிறப்புச் சான்றிதழ் என்று சொல்வார்கள். குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின் மேல் காற்றைச் செலுத்துவது, காற்றிலுள்ள ஈரம் அந்தச் சுருளில் படிந்து வடிந்துவிடும், அறையின் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 55 சதவீதத்தில் நிறுத்துவது... இதுதான் திட்டம். முதலில் கிணற்று நீரை ஓட்டினார்கள். பிறகு அம்மோனியா குளிரூட்டும் இயந்திரம் சேர்ந்தது. அங்கே வேலை செய்த தொழிலாளிக்குக் குளிர்ந்தது உண்மை. ஆனால் அது உபரி. திட்டத்தின் நோக்கம் காகிதம்.

ஆக, உலகின் முதல் நவீன ஏசியிலேயே சுருளில் படிந்து வடிந்த தண்ணீர்தான் முக்கியமான உற்பத்தி. தண்ணீர் வடியவில்லை என்றால் இயந்திரம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

பருத்திக்கு மட்டும் தாகம்

அச்சகத்துக்கு ஈரம் எதிரி. பஞ்சாலைக்கோ ஈரம்தான் உயிர்! காற்று காய்ந்தால் பஞ்சு இழைகள் முறுகும், நூல் அறுந்துகொண்டே இருக்கும், நிலை மின்சாரம் ஏறி பஞ்சு பறக்கும். ஆயிரக்கணக்கான கதிர்கள் சுழலும்போது உண்டாகும் சூடு காற்றை இன்னும் காய வைக்கும்.

இதில் ஒரு வணிகக் கணக்கும் இருக்கிறது. பருத்தி காற்றிலிருந்து ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தி, வணிக வழக்கப்படி 8.5 கிலோ ஈரம் ஏற்று 108.5 கிலோவாகக் கணக்கிடப்படும். ஆலைக்குள் காற்று காய்ந்து கிடந்தால் நூல் அந்த எடையை இழக்கும். எடைக்கு விற்கும் சரக்கில் எடை குறைந்தால் யாருக்கு நஷ்டம்? அதனால்தான் நூலுக்கு ஈரம் ஊட்டும் வேலை மில் தொழிலில் ரொம்பப் பழையது.

இங்கிலாந்தின் லங்காஷயரில் இதற்கு ஒரு கொடூரமான வழி கண்டார்கள். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி அமெரிக்கப் பருத்தி வரத்து நின்றபோது, நம் நாட்டின் சூரத் பருத்தி அங்கே போனது. குட்டை இழை கொண்ட அந்த நூலைத் தாங்க வைக்க மாவும் களிமண்ணும் கலந்த கஞ்சியைக் கனமாகப் போட்டார்கள். கஞ்சி காய்ந்தால் உதிரும். எனவே தறிக்கூடத்துக்குள் நேரடியாக நீராவியைப் பாய்ச்சினார்கள்! நூல் அறுபடாமல் ஓடியது. நெசவாளர்கள் நனைந்த உடையோடு வேலை பார்த்து, அப்படியே குளிரில் வீடு திரும்பினார்கள். அவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1889இல் பருத்தித் துணி ஆலைகள் சட்டம் வந்தது. எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈரம் வரை போகலாம் என்று அட்டவணை போட்டது அந்தச் சட்டம். காற்றிலுள்ள ஈரத்துக்கு ஓர் அரசு வரம்பு விதித்தது நூலுக்காக அல்ல, அங்கே மூச்சு விட்ட மனிதர்களுக்காக.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே தாகம்தான். சார்லட் நகரத்தைச் சேர்ந்த பஞ்சாலைப் பொறியாளர் ஸ்டூவர்ட் கிராமர், ஆலைக் காற்றுக்கு ஈரம் ஊட்டும் கருவிகளை உருவாக்கி வந்தார். நூலுக்கு ஈரம் ஏற்றிப் பக்குவப்படுத்துவதை ஆலைக்காரர்கள் 'கண்டிஷனிங்' என்று சொல்வார்கள். நூலுக்குச் செய்வதைக் காற்றுக்கே செய்தால் என்ன என்று 1906இல் அவர் சூட்டிய பெயர்தான் 'ஏர் கண்டிஷனிங்'. இன்று வீட்டுக்கு வீடு புழங்கும் இந்தச் சொல்லே ஒரு மில் சொல் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 1906இல் கேரியரும் ஒரு காப்புரிமை பெற்றார். காற்றுக்குள் தண்ணீரைத் தெளிக்கும் அமைப்பு அது. வேடிக்கை என்னவென்றால் தண்ணீரைத் தெளித்தே காற்றைக் காய வைக்கவும் முடியும். தெளிக்கும் நீர் மிகக் குளிர்ந்திருந்தால் காற்றின் ஈரம் அந்தத் துளிகளின் மேல் படிந்து இறங்கிவிடும். நீர் அவ்வளவு குளிராக இல்லையென்றால் காற்று ஈரம் ஏற்றுக்கொள்ளும். ஒரே பெட்டி, இரண்டு வேலை! கேரியருக்கு ஆரம்பக் காலத்தில் கை கொடுத்த வாடிக்கையாளர்களில் பஞ்சாலைகளும், ஜப்பானின் யோகோஹாமாவில் இருந்த ஒரு பட்டாலையும் உண்டு.

கோவையிலிருந்து திருப்பூருக்கு

கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் குழுவினரின் பஞ்சாலை வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியபின் ஆலைகள் வரிசையாக முளைத்தன. மலை இறங்கிய தண்ணீர் மின்சாரமாகி ஆலையை ஓட்டியது. ஆலைக்குள் இன்னொரு தண்ணீர் காற்றில் கலந்து நூலைக் காத்தது. ஒரு பெரிய அறையில் வரிசையாக நாசில்கள் நீரைத் தூவ, அதன் வழியே விசிறிகள் காற்றை இழுத்து ஆலை முழுக்க அனுப்பும். நூற்பில் ஈரப்பதம் சுமார் 55 முதல் 60 சதவீதம், தறிக்கூடத்தில் அதைவிட மிக அதிகம். மில்லில் வேலை பார்த்த தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் 'பிளான்ட் ரூம்' என்று கேட்டுப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்.

சுதந்திர இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் இந்த ஈரத்துக்கென்று தனிப் பிரிவு இருந்தது. அதன் 15ஆம் பிரிவு, ஆலைக் காற்றை ஈரமாக்கத் தெளிக்கும் தண்ணீர் பொதுக் குடிநீர் வழங்கலிலிருந்தோ, வேறு குடிநீர் ஆதாரத்திலிருந்தோ எடுக்கப்பட வேண்டும், அல்லது நன்கு சுத்திகரிக்கப்பட வேண்டும் என்றது. தொழிலாளி மூச்சோடு இழுப்பதும் அந்தத் தண்ணீரைத்தானே!

கோவை நூலை வாங்கிப் பின்னியது திருப்பூர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உள்நாட்டுக்கு பனியன் பின்னத் தொடங்கிய ஊர், 1970களின் கடைசியிலிருந்து ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் அனுப்பத் தொடங்கியது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. பனியன் ஊர் 'டாலர் சிட்டி' ஆனது. 2005 ஜனவரி 1 முதல் உலக ஜவுளி வணிகத்தில் கோட்டா முறை ஒழிந்தது.

டாலரோடு கூடவே ஏசியும் வந்தது. ஒரு காலத்தில் ஏசி என்றாலே ஆடம்பரப் பொருள், அரசு அதற்குத் தகுந்த மாதிரி வரி போட்டது. தாராளமயம் வந்தபின் வரி படிப்படியாக இறங்கியது. அண்மையில் 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. மெர்ச்சன்டைசர் அறை, டிசைன் கம்ப்யூட்டர் அறை, பையர் வந்தால் உட்காரும் ஷோரூம், துணியைச் சோதிக்கும் லேப் என்று ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன. லேபில் இன்றும் கேரியர் காலத்துக் காரணமேதான். துணியின் எடையையும் சுருக்கத்தையும் சரியாக அளக்க ஈரப்பதம் 65 சதவீதத்தில் நிற்க வேண்டும்.

பெட்டி கூரைக்கு ஏறியது

முதலில் வந்த ஜன்னல் ஏசியில் தண்ணீர்ப் பிரச்சினை சுலபம். பெட்டியின் பாதி உள்ளே, பாதி வெளியே. பின்பக்கம் கொஞ்சம் சாய்த்து மாட்டினால் தண்ணீர் தானாக வெளியே போய்விடும். பல பெட்டிகளில் பின்புற விசிறியின் வளையமே அந்தத் தண்ணீரை அள்ளிச் சூடான காயிலின் மேல் வீசும். தண்ணீரும் செலவாகும், காயிலும் குளிரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

1960களில் ஜப்பானில் ஸ்பிளிட் ஏசி வந்தது. சத்தம் போடும் பாதி வெளியே போனது. குளிர்ந்த காயில் மட்டும் அறைக்குள் நின்றது. தண்ணீர் உண்டாகும் இடம் கட்டடத்தின் உள்ளே வந்துவிட்டது. அடுத்து, பெரிய ஹால்களுக்கு ஃபால்ஸ் சீலிங்குக்குள் படுக்கை வசத்தில், அதாவது கிடைமட்டமாகத் தொங்கும் டக்டட் யூனிட் வந்தது. கண்ணுக்குத் தெரியாது, அழகாக இருக்கும். ஆனால் தண்ணீர் இப்போது மனிதர்களின் தலைக்கு மேலேயே பிறக்கிறது. கீழே வெள்ளைத் துணி அடுக்கி வைத்திருக்கும் இடமென்றால் கேட்கவே வேண்டாம். துருவும் தூசியும் கலந்த ஒரே ஒரு கசிவு போதும், கறை பட்ட பீஸ் எல்லாம் ரிஜெக்ட். ஷிப்மென்ட் தேதியோ நகராது.

எவ்வளவு தண்ணீர்தான் வரும்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 30 அடி அகலம், 60 அடி நீளம், 12 அடி உயரமுள்ள ஒரு ஹால். வெப்பம் 32 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம். அந்த ஹாலின் காற்றில் மட்டும் சுமார் 12 லிட்டர் தண்ணீர் கலந்திருக்கும், ஏறக்குறைய ஒரு குடம்! அதே காற்றை 24 டிகிரிக்கும் 50 சதவீதத்துக்கும் கொண்டுவந்தால் பாதிதான் மிஞ்சும். கதவு திறந்து மூடும்போது வரும் புதுக் காற்றும், மனிதர்களின் மூச்சும் வியர்வையும் திரும்பத் திரும்ப ஈரத்தைக் கொண்டுவரும்.

ஏசியில் 'டன்' என்பது எடை அல்ல. 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த வேகம்தான் ஒரு டன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் ஐஸ் கொண்டுவந்து சென்னையில் ஐஸ் ஹவுஸ் கட்டி விற்ற காலத்தின் நினைவு அந்த அளவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு டன் ஏசியின் சக்தியில் கால் பங்கு ஈரத்தை நீக்கச் செலவானால் மணிக்கு சுமார் 1.3 லிட்டர் தண்ணீர் வரும். 10 டன் டக்டட் யூனிட் 8 மணி நேரம் ஓடினால் 100 லிட்டர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரம் கூடும்போது இந்தப் பங்கும் கூடும்.

ரசமட்டமும் வாட்டமும்

இந்த 100 லிட்டரை ஒழுங்காக வெளியேற்றுவது பெரிய விஞ்ஞானம் அல்ல. கொத்தனார்கள் பல தலைமுறையாகச் சொல்லும் ஒரு வார்த்தையில் பாதி அடங்கிவிடும்: வாட்டம்!

யூனிட்டை நான்கு திரெட் ராடில் தொங்கவிட்டு, அதிர்வு ஏறாமல் ரப்பர் வாஷர் கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரி பார்க்க வேண்டும். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மட்டமாக இருக்க வேண்டும். தயாரிப்பாளர் சாய்வு சொல்லியிருந்தால் தண்ணீர் வெளியேறும் பக்கம் மட்டும் லேசான சாய்வு. எதிர்ப் பக்கம் சாய்ந்தால் டிரேயின் மூலையில் தண்ணீர் தேங்கி வழியும்.

குழாய்க்கு, 100 செ.மீ. நீளத்துக்குக் குறைந்தது 1 செ.மீ. இறக்கம் வேண்டும். 2 செ.மீ. இருந்தால் நிம்மதி. 8 மீட்டர் தள்ளித்தான் வெளிச் சுவர் என்றால் 8 முதல் 16 செ.மீ. உயரம் குழாய்க்கே போய்விடும். இங்கேதான் பல இடங்களில் தவறு நடக்கிறது. சீலிங்கின் உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, குழாயைக் கடைசியில் யோசிக்கிறார்கள். குழாய் நடுவில் தொய்கிறது, தொய்ந்த இடத்தில் சேறும் பாசியும் சேர்ந்து அடைக்கிறது. இறக்கத்துக்கு இடமே இல்லை என்றால் தண்ணீரை மேலேற்றிவிடும் சின்ன பம்ப் வைக்கத்தான் வேண்டும். கரன்ட் இருக்கும் வரைதான் அதற்கு உயிர் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது யு டிராப். பல டக்டட் யூனிட்களில் விசிறி காயிலுக்குப் பின்னால் இருந்து காற்றை உறிஞ்சும். அதனால் டிரே இருக்கும் இடத்தில் உறிஞ்சும் அழுத்தம். குழாய் நேராகத் திறந்திருந்தால் அதன் வழியே வெளிக் காற்று உள்ளே பாயும், தண்ணீர் இறங்காமல் டிரேயிலேயே நிற்கும். விசிறியை நிறுத்தியவுடன் மொத்தமும் ஒரேயடியாக வழியும். "ஆஃப் பண்ணினாத்தான் சார் ஒழுகுது" என்று சொல்லி மெக்கானிக்கைக் குழப்பும் புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். யு வளைவில் தண்ணீர் நின்றால் காற்று நுழையாது. உறிஞ்சும் அழுத்தம் 25 மி.மீ. நீர் உயரத்துக்குச் சமம் என்றால், டிரேயின் வாய்க்கும் டிராப்பின் வெளிவாய்க்கும் உள்ள உயர வித்தியாசம் அதைவிட இன்னொரு 25 மி.மீ. கூட இருப்பது நல்லது. முதல்முறை ஓட்டும்போதும், பல மாதம் நிறுத்தி வைத்துத் திறக்கும்போதும் டிராப்பில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு டிரே. யூனிட்டை விடக் கொஞ்சம் அகலமான தகர டிரே ஒன்று அடியில். அதற்குத் தனிக் குழாய். அந்தக் குழாயின் வாய் ஆட்கள் பார்க்கும் இடத்தில், உதாரணமாக ஒரு ஜன்னலுக்கு மேலே இருக்க வேண்டும். அதில் சொட்டினால் மெயின் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு மிதவை ஸ்விட்ச் வைத்தால் தண்ணீர் ஏறியதும் ஏசியே நின்றுவிடும்.

குளிர்ந்த நீர் ஓடும் குழாயின் வெளிப்புறமும் வியர்க்கும். அதனால் ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகும் தூரம் முழுக்க இன்சுலேஷன் சுற்ற வேண்டும். கழிவறைக் குழாயில் நேராக இணைக்கவே கூடாது, டிராப் காய்ந்தால் சாக்கடை நாற்றம் ஏசி வழியாக அறைக்குள் வந்துவிடும். எல்லாம் முடிந்தபின், சீலிங்கை மூடும் முன் டிரேயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் அவசரத்தில் முதலில் விட்டுப்போவதும் இந்தப் பத்து நிமிடம்தான்.

தேங்கிய நீர் எவ்வளவு ஆபத்து என்பதற்கு 1976இல் ஃபிலடெல்ஃபியா நகர ஹோட்டல் ஒன்று சாட்சி. அங்கே கூடிய முன்னாள் ராணுவத்தினர் உட்பட 30க்கும் மேற்பட்டோர் மர்மக் காய்ச்சலில் இறந்தார்கள். அதுவரை யாரும் அறியாத ஒரு பாக்டீரியா, கட்டடத்தின் குளிரூட்டும் அமைப்பிலிருந்த தண்ணீரில் வளர்ந்து காற்றில் பரவியதே காரணம் என்று பின்னர் கண்டார்கள். அங்கே குற்றவாளி சொட்டுக் குழாய் அல்ல, மொட்டைமாடியில் இருக்கும் கூலிங் டவர் வகை நீர். ஆனாலும் பாடம் ஒன்றுதான். தண்ணீர் நகர வேண்டும், நிற்கக் கூடாது.

நொய்யல் கற்றுக்கொடுத்தது

'கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது?' இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்டால் என்ன ஆகும் என்று திருப்பூரை விட அதிக விலை கொடுத்துக் கற்ற ஊர் குறைவு. சாயப்பட்டறைகளின் உப்பு நீர் நொய்யலில் கலந்தது. விவசாயத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவின் தொட்டியாக மாறியது. விவசாயிகள் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறினார்கள். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன, ஊரே நின்றது.

மீண்டும் திறக்க ஒரே வழி, சொட்டுக் கழிவும் வெளியேறாத முறை. சவ்வூடு வடிகட்டி முடித்து மிஞ்சும் அடர்ந்த உப்பு நீரைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கி மீண்டும் சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். ஏசி காயிலில் நடப்பதும் இதே தத்துவம்தான், அளவு மட்டும் வேறு.

இந்த ஊரின் நிலத்தடி நீரில் உப்பு அதிகம். 2005இல் இருந்து பவானி ஆற்றின் தண்ணீரைத் தொலைதூரக் குழாயில் கொண்டுவருகிறது ஒரு பெருந்திட்டம். அப்படிப்பட்ட ஊரில் ஏசி சொட்டும் தண்ணீர் ஏறக்குறைய உப்பே இல்லாதது! தூசியும் கிருமியும் கலந்திருக்கும் என்பதால் குடிக்க ஆகாது. ஆனால் கழிவறைக்கும், தரை கழுவவும், மரங்களுக்கும் தாராளமாக ஆகும். துபாயின் புர்ஜ் கலிஃபா கட்டடத்தில் ஏசித் தண்ணீரை மட்டும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5.7 கோடி லிட்டரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். திருப்பூர் கம்பெனிக்கு அவ்வளவு வராது. ஆனால் எல்லாக் குழாயையும் ஒரு தொட்டிக்குத் திருப்பினால் சந்தில் பாசி பிடிக்காது, நாளுக்குச் சில நூறு லிட்டர் லாரித் தண்ணீர் மிச்சம்.

யாருக்கு அந்தக் காற்று?

கடைசியாக ஒரு கேள்வி. காகிதம் குளிர்ந்தது, நூல் பக்குவமானது, கம்ப்யூட்டர் குளிர்ந்தது, பையர் குளிர்ந்தார். தைப்பவர்?

பல கம்பெனிகளில் தையல் ஹாலுக்கு ஏசி கிடையாது. ஒரு சுவரில் தேன்கூடு போன்ற ஈரப் பலகைகள், எதிர்ச் சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் விசிறிகள். ஈரப் பலகை வழியே வரும் காற்று கொஞ்சம் குளிர்ந்து வரும். பங்குனி, சித்திரையின் வறண்ட வெயிலில் இது நன்றாகவே உதவும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மழை மாதங்களில் புழுக்கம்தான் மிஞ்சும். சின்னப் பவர்டேபிள் யூனிட்டுகளில் அந்தப் பலகையும் இருக்காது, தகரக் கூரையும் மின்விசிறியும் மட்டும். அயர்ன் டேபிளின் நீராவி தனிக் கணக்கு.

ஒரே கட்டடத்தில் மேல் மாடி ஆபீஸ் காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்து சந்தில் கொட்டுகிறது. கீழ் ஹாலோ லாரித் தண்ணீர் வாங்கிக் காற்றில் கலக்கிறது. மேலே சொட்டும் குழாயைக் கீழே உள்ள ஈரப் பலகையின் தொட்டிக்கு விடலாமே என்று தோன்றும். அதில் லெஜியனேர் காய்ச்சல் கற்றுத்தந்த கவனம் வேண்டும். தேங்க விடாமல், சுத்திகரித்துத்தான் விட வேண்டும். தொழிலாளி மூச்சோடு இழுக்கும் தண்ணீர் குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும் என்று 1948 சட்டம் எதற்குச் சொன்னதோ, அதே காரணம்தான்.

நூல் அறுந்தால் உடனே தெரிகிறது, மீட்டரில் நஷ்டம் ஏறுகிறது. அதனால் நூலுக்கு 1906இலேயே காற்று கிடைத்துவிட்டது. மனிதர் மயங்கி விழும் வரை தாங்கிக்கொள்கிறார், அதனால் வரிசையில் கடைசியில் நிற்கிறார். லங்காஷயர் நெசவாளர்கள் 1889இல் கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை, நூலுக்குப் பார்க்கும் கணக்கில் எங்களையும் சேர்த்துப் பாருங்கள் என்பதுதான்.

அடுத்த முறை அந்தச் சந்தில் தலையில் ஒரு துளி விழுந்தால் திட்டிக்கொண்டே நகர்ந்துவிடாதீர்கள். அண்ணாந்து பார்த்துக் குழாய்க்கு வாட்டம் சரியாக இருக்கிறதா, வாய் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அப்படியே பக்கத்து ஜன்னல் வழியாகத் தையல் ஹாலையும் ஒரு பார்வை பாருங்கள்.